நன்றி சொல்ல வாய் வராதபோது

கண்டி, கம்பளைப் பக்கத்துத் தேவாலயங்களில் அறுவடைத் திருநாளன்று காய்கறியும் பழமும் பீடத்தருகே குவியும்; ஆராதனை முடிய ஏலம் போகும். 2009இல் வன்னியில் மகன் காணாமற்போனபின் இங்கே உறவினரோடு இருக்கும் அக்கா ஒருவர், அந்த நன்றி ஆராதனைக்குப் போவதில்லை. "உயிர் தப்பினதுக்கு நன்றி சொல்லு எண்டு எல்லாரும் சொல்லினம், தங்கச்சி. எனக்கு வாய் வருகுதில்லை" என்றார்.

அது விசுவாசக் குறைவு என்று சிலர் கடிந்தார்கள். (கடிந்தவர்களில் பிள்ளையைத் தொலைத்தவர் எவருமில்லை.) எனக்கு அப்படிப் படவில்லை, சகோதரிகளே. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். அதே இரவில்தான் கெத்செமனேயில் துயரம் தாங்காமல் முகங்குப்புற விழுந்து மன்றாடினார். 88ஆம் சங்கீதமோ நன்றிக்கு வராமலே இருளில் முடிகிறது. அதையும் ஆராதனையில் பாடுவதற்கென்றே கோராகின் புத்திரருடைய பாட்டுகளோடு சேர்த்து வைத்தார்கள்.