சாலை இடைவெளியும் காலக் கணிப்பும்: மிதிவண்டியோட்டும் சிறாரும் பெரியோரும் – கொல்லிமலைச் சாலையை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்தது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாடு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கெனத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் பின்னர்ப் பிற மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. மிதிவண்டியில் சமநிலை பெறுதல் சில நாட்களில் கைவருவது. எதிர்வரும் வண்டியின் இயக்கத்தைக் கணித்துத் தன் உடலியக்கத்தை அதனோடு பொருத்துதல் பல ஆண்டுகளில் முதிர்வது. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

கண் அறியும் காலம்

நெருங்கும் பொருளின் உருவம் விழித்திரையில் விரிந்துகொண்டே செல்கிறது. அவ்வுருவின் அளவிற்கும் அது விரியும் வேகத்திற்கும் உள்ள விகிதமே மோதலுக்கு எஞ்சிய காலத்தை உணர்த்தும் என டேவிட் லீ 1976இல் விளக்கினார். தொலைவையும் வேகத்தையும் தனித்தனியே அறியாமலே காலத்தை உணர இது வழிசெய்கிறது. ஆயினும், தொலைவிலுள்ள வண்டியின் உருவம் மிக மெதுவாகவே விரியும். மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டி நெருங்குவதைத் தொடக்கப்பள்ளிச் சிறார் உரிய நேரத்தில் உணராமற்போகலாம் என ஜான் வான் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

தேர்வும் புறப்பாடும்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி புளூமெர்ட் குழுவினர், 10, 12 வயதுச் சிறாரையும் பெரியவர்களையும் மெய்நிகர்ச் சாலைச் சந்திப்புகளில் நிலைமிதிவண்டி ஓட்டச் செய்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். இரு சாராரும் தேர்ந்த இடைவெளிகள் ஒத்த அளவினவே. ஆனால், கடந்து முடித்தபோது சிறாரிடம் எஞ்சிய காலம் குறைவாக இருந்தது. முன்வண்டி கடந்ததும் பெரியவர் உடனே புறப்பட, சிறார் தாமதித்ததே இதற்கு முதன்மைக் காரணம். எனவே, குறை தேர்வில் அன்று. தேர்வையும் செயலையும் இணைப்பதில் உள்ளது.

இதனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 7 மீட்டர் அகலச் சாலையை மிதிவண்டியின் நீளமும் சேரக் கடக்க 9 மீட்டர் செல்லவேண்டும். நின்ற நிலையிலிருந்து நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூடினால் அதற்கு 4.2 நொடி ஆகும். 5 நொடி இடைவெளியில் எஞ்சுவது 0.8 நொடி, ஒரு நொடித் தாமதம் அதனை முற்றாக அழித்துவிடும்.

வளைவில் நேர்வது

கொண்டை ஊசி வளைவில் சிக்கல் வேறுவகையானது. வண்டி கண்ணிற்படும்வரை உருவ விரிவு என்னும் குறிப்பே கிடைப்பதில்லை. 25 மீட்டர் தொலைவில் தென்படும் வண்டியும் இறங்கும் மிதிவண்டியும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இரண்டும் சந்திக்க 2.25 நொடியே உள்ளது. இங்குக் கணிப்புத்திறனைவிட வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தலும், தன் பக்கத்தை விடாதிருத்தலும், ஒலிப்பானுக்குச் செவிசாய்த்தலும் இன்றியமையாதவை. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்னும் இந்தியச் சாலை விதியும் இதனோடு பொருந்துகிறது.

முடிவுரை

முன்செல்லும் பெரியவர் தமக்குப் போதிய இடைவெளியில் கடந்து, பின்வரும் சிறுவனை ‘வா’ என அழைத்தல் இயல்பான வழக்கம். அவ்வழைப்பு பெரியவரின் புறப்பாட்டு விரைவையே அளவாகக் கொண்டது. கேட்டுப் புறப்படும் தாமதம் சிறுவனுக்குரிய காலத்திலிருந்தே கழிகிறது. ஆகவே, சாலைப் பாதுகாப்புக் கல்வி ‘இருபுறமும் பார்’ என்பதோடு அமையாமல், புறப்படும் கணத்தைப் பயிற்றுவித்தல் வேண்டும். அத்திறன் முதிரும்வரை சிறார்க்குப் பெரிய இடைவெளியைத் தேர்ந்தளித்தல் பெரியோர் கடன். தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைநொடியாலும் அளந்தது. சாலையில் உயிர்காக்கும் காலமும் அத்துணைச் சிறியதே.