கொல்லிமலை ஏறும் பழைய கார் ஏன் நின்றுபோகிறது?

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்துக் காரவல்லியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் சோளக்காட்டைப் பார்க்க முடியும். இப்போது விற்கும் கார்களுக்கு அது பெரிய காரியமில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பெட்ரோல் ஜீப் இவற்றுக்குத்தான் சோதனை. நன்றாக ஏறிக்கொண்டிருந்த வண்டி பாதி மலையில் நாலு திக்கு திக்கிவிட்டு நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்லும் காரணம் இது: மலைமேல் காற்று மெல்லிசு, அதனால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது. பெட்ரோல் ஆவியானது உண்மைதான். ஆனால் பழியை மலையின் உயரத்தின்மேல் போடுவது பெரும்பாலும் தவறு. குற்றவாளி பானட்டுக்குள் இருக்கிறது. அதைச் சரியாகப் பிடிக்காததால்தான் இந்த நோய்க்கு ஈரத்துணியைத் தவிர வேறு மருந்தில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கனமான பகுதி கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். குளிர்ந்த இன்ஜின் காலையில் சட்டென்று பற்றிக்கொள்ள அந்த லேசான பகுதிதான் உதவுகிறது, ஆகவே அதை எடுத்துவிடவும் முடியாது. பழைய கார்களில் டாங்க் பின்னால் இருக்கும். மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் முன்னால், சூடான இன்ஜின் பிளாக்கின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கேம் ஷாஃப்ட் அதன் நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரம் ஏறி இறங்கி, பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். வெப்பம் மிகுந்த இடத்தில், அழுத்தம் குறைந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஒரு பங்கு பென்டேன் ஆவியானால் ஏறக்குறைய இருநூறு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். டயாப்ரம் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்த ஆவி சுருங்கும், விரியும், நகராது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் புளோட் சேம்பர் காலியானதும் வண்டி நின்றுவிடுகிறது. வேப்பர் லாக் என்பது இவ்வளவுதான்.

இதில் உயரத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொல்லிமலையின் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர். 1200 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட 12, 13 சதவீதம் குறைவு. அதனால் பென்டேன் போன்ற பொருளின் கொதிநிலை இறங்குவது 4 டிகிரி அளவுக்குத்தான். அதே 1200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றும் ஏழெட்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. உயரம் ஒரு கையால் பறிப்பதை மறுகையால் கூடவே தந்துவிடுகிறது. ஏற்றத்தில் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால் பம்ப் இன்னும் ஒரு முழம் உயரத்துக்கு உறிஞ்ச வேண்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதனால் கொதிநிலை குறைவது ஒரு டிகிரி அளவுக்குத்தான். உயரமே காரணமென்றால் செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் மலைமேல் சாலையில்தான் வண்டிகள் அதிகம் நிற்க வேண்டும். நிற்பது அங்கே அல்ல, ஏற்றப் பாதையில். லடாக் போல 3500 மீட்டரைத் தொடும் ஊர்களில் இந்தக் கணக்கு வேறு. அங்கே உயரமும் நிஜமான எதிரி.

அப்படியானால் மலையில் மட்டும் ஏன் நிற்கிறது, நாமக்கல் கடைத்தெருவில் ஏன் நிற்பதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏற்றத்தில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிறது. இன்ஜின் முழு மூச்சில் உழைக்க, வேகம் மட்டும் மணிக்கு 20 கிலோமீட்டர். எதிர்க்காற்று இல்லாததால் ரேடியேட்டருக்கு விசிறி மட்டுமே துணை. மெல்லிய காற்றில் இன்ஜினின் வலுவும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவதால் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்துகிறோம். உயரத்துக்கு இந்த அளவு பங்கு உண்டு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வெப்பத்தை உண்டாக்குவது இன்ஜின், சேர்த்துவைப்பது பானட். அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்ரோல் கலவை உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருப்பதால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தலைக்கு மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். ஆடிப்பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில், வண்டிகள் வரிசைகட்டி ஊர்ந்து ஏறும்போது, அந்த இடம் என்ன சூடாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட ஆபத்தான கணம் வண்டியை நிறுத்திய பிறகு வருகிறது. டீ குடிக்க இறங்கி இன்ஜினை அணைத்ததும் விசிறி நிற்கிறது, தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் வேகவைப்பதுபோல இன்ஜின் இரும்பில் தங்கிய வெப்பம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. அடுத்த கால் மணி நேரம் பானட்டுக்குள் சூடு கூடுமே தவிரக் குறையாது. இங்கேதான் நோயைத் தப்பாகப் படிப்பதும் நடக்கிறது. புளோட் சேம்பரில் கொதிக்கும் பெட்ரோல் சில சமயம் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். அப்போது இன்ஜின் பட்டினி கிடக்கவில்லை, மூழ்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் வெளி அடையாளம் ஒன்றே: ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தால், பிளக்கைக் கழற்றும்போது நனைந்திருந்தால், அது வழிந்த கேஸ். சோக்கை இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை அடித்து அடித்து மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நெடியே இல்லை, பம்புக்கு முன்னால் உள்ள கண்ணாடி பில்டரில் குமிழிகள் தெரிகின்றன என்றால்தான் வேப்பர் லாக். பிளக்கில் தீப்பொறியே வரவில்லையென்றால் பெட்ரோலை விட்டுவிட்டு, சூடானதும் படுத்துக்கொள்ளும் காயிலையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும். லாரிகளின் ஊரான நாமக்கல்லில் ஏர் லாக் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். டீசல் வண்டியின் ஏர் லாக் வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்ததால் வருவது. கைப்பம்பை அடித்து வெளியேற்றும்வரை அது தானாகப் போகாது. பெட்ரோல் ஆவி, ஆறினால் தானே திரவமாகிவிடும்.

ஈரத்துணி போட்டால் கிளம்புகிறதே என்பது அடுத்த மறுப்பு. கிளம்பும். பம்பின் மேல் நனைந்த துணி ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்குகிறது. ஆனால் துணி சொல்லும் சேதி, வெப்பம் பம்புக்குப் போகிறது என்பதுதான். வெப்பம் வந்த வழி அப்படியே இருந்தால் இருபது வளைவு தாண்டி மறுபடியும் துணி தேவைப்படும்.

அப்பா காலத்தில் இதே கார் இதே மலையை ஏறியதே, இப்போதைய பெட்ரோல்தான் மோசம் என்று சொல்பவர்கள் முழுக்கத் தவறு இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் பெட்ரோலுக்கு வேப்பர் லாக் குறியீடு என்றே ஓர் அளவு உண்டு. கோடை மாதங்களுக்கு அதன் வரம்பு இறுக்கமானது. ஆனால் இப்போதைய பெட்ரோல், இன்ஜெக்‌ஷன் வண்டிகளை மனதில் வைத்துத் தயாராவது. அவற்றில் பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் கொதிநிலை இன்னும் 40 டிகிரிக்கு மேல் கூடிவிடும். 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலும் ஒரு காரணம். எத்தனால் தனியாகக் கொதிப்பது 78 டிகிரியில். ஆனாலும் பெட்ரோலின் லேசான பகுதிகளோடு சேர்ந்தால் இரண்டும் முன்னதாகவே ஆவியாகின்றன. பழைய ரப்பர் குழாயையும் டயாப்ரத்தையும் அது கெடுக்கவும் செய்யும். வெடித்த குழாய் காற்றை உறிஞ்சினால் வேப்பர் லாக் போலவே நடிக்கும். என்றாலும் முப்பது நாற்பது வயதான காரில் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும், வெப்பத்தைத் தடுக்கும் தகடு எப்போதோ கழன்று போயிருக்கும், அடுத்தடுத்த கைகள் பெட்ரோல் பைப்பை வசதிப்படி வளைத்திருக்கும். பெட்ரோலை மாற்ற நம்மால் ஆகாது, இவற்றை மாற்றலாம்.

மாற்றும் வரிசையும் முக்கியம். எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்று முதலிலேயே ஓடுவது சரியல்ல. அதை டாங்குக்குப் பக்கத்தில், தாழ்வாகப் பொருத்தினால்தான் பயன். உறிஞ்சும் குழாய் தள்ளும் குழாயாகி, நடுவில் சேரும் ஆவியையும் முன்னே தள்ளிவிடும். இன்ஜின் அருகே வைத்தால் பழைய கதைதான். விபத்தில் இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ரிலே போடாமல் ஓட்டுவது தீயை மடியில் கட்டிக்கொள்வது. எலக்ட்ரிக் பம்புக்குப் போகும் முன்பு டாங்கின் வலையையும் பில்டரையும் சுத்தம் செய்யுங்கள். அடைப்பு இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இன்னும் விழும். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்டை உரசிப் போகும் பைப்பை ஒதுக்கிக் கட்டுங்கள், வெப்பத் தகட்டை மறுபடி பொருத்துங்கள், பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சோளக்காடு சேர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, அணைத்த பிறகு பானட்டைத் திறந்து வையுங்கள். வழியில் நின்றுவிட்டால் சூடு ஆறும்வரை பெட்ரோல் பைப்பைக் கழற்றாதீர்கள். எக்ஸாஸ்டின் மேல் சிந்தும் பெட்ரோலுக்குத் தீக்குச்சி தேவையில்லை.