உங்களுக்குத் தெரியுமா? அச்சு முறுக்கும் ஒரு குக்கீதான்!

● 'குக்கீ' என்று கடையில் கேட்கும்போது நாம் பேசுவது டச்சு மொழி. அந்த மொழியில் 'கூக்யே' என்றால் குட்டி கேக். அமெரிக்காவுக்குப் போன அந்தச் சொல் குக்கீ ஆனது. இலங்கைக்கு வந்தது 'கொக்கிஸ்' ஆனது. கொக்கிஸ் எப்படி இருக்கும் என்கிறீர்களா? அரிசி மாவு, தேங்காய்ப்பால், பூ மாதிரி ஒரு அச்சு, காய்ந்த எண்ணெய். நம் அச்சு முறுக்குக்கு அது ஒன்றுவிட்ட தங்கை! "எங்களுக்கு குக்கீ எல்லாம் செய்ய வராதும்மா" என்று கூச்சப்படும் மும்பைத் தாராவி அத்தைமார், பெயர் தெரியாமலே வருஷா வருஷம் டிசம்பரில் குக்கீ சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

● இதே பண்டம் கேரளத்தில் அச்சப்பம். கோவாவிலும் மங்களூரிலும் ரோஸ் குக்கீ. சுவீடனில்கூட இதற்கு ஓர் அண்ணன் இருக்கிறான், பெயர் ஸ்ட்ரூவா.

● தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் வேலைக்காக வரத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வந்த சாமான்களில் அச்சு முறுக்கு அச்சும் ஒன்று. இந்த அச்சுக்குத் தனிக் குணம் உண்டு. புது அச்சை அப்படியே மாவில் முக்கினால் மாவு அதை விடவே விடாது. அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெயில் கிடத்திச் சூடாக்கி, அதைப் 'பழக்க' வேண்டும். பழகிய பிறகும் ஒவ்வொரு தடவையும் எண்ணெயில் காய்ந்த அச்சைத்தான் மாவில் வைக்க வேண்டும். வைத்ததும் 'சுர்' என்று சத்தம் வர வேண்டும். அச்சு ஆறிப்போனால் மாவு ஒட்டிக்கொள்ளும், அதிகம் காய்ந்துவிட்டால் மாவு பிடிக்காமல் வழுக்கிவிடும். முக்கால் பங்குதான் முக்க வேண்டும். முழுக்க முங்கினால் மாவு மேலேறி மூடிக்கொள்ளும், முறுக்கு கழலாது. நான் முதன்முதலில் சுட்ட ஐந்தும் அப்படித்தான் மாட்டிக்கொண்டன. கரண்டிக் காம்பால் நோண்டியெடுத்த தூளைத் தின்றே அன்று வயிறு நிறைந்தது. இனிப்பு தூக்கலாக இருக்கட்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். மொறுமொறுப்பு வரும் முன்னே நிறம் கறுத்துவிடும்.

● நாகர்கோவில்காரர்களின் முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. இந்த 'முந்திரி' கொடிமுந்திரி, அதாவது திராட்சை. வறுத்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், எள் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை மூன்று மூன்றாக ஒட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தால் குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். நன்றாக இறுகிய கொத்தைக் கடிக்கப் பல் உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் எளிதில் கெடாது. இரண்டு நாள் ரயிலில் குலுங்கி மும்பை செம்பூர் வந்து சேர்ந்தாலும் ஒரு உருண்டைகூட உதிராது.

● நிஜமாகவே முந்திரிப்பருப்பு இருப்பது தூத்துக்குடி மக்ரூனில். ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள். தூத்துக்குடியில் அந்த இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரித் தூள், வேறொன்றும் இல்லை. அந்த முந்திரியும் நம்முடையதல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது!

● மும்பையில் ஒற்றை அறை வீட்டில் ஓவனுக்கு இடம் ஏது? குக்கர் இருக்கிறதே. அடியில் கல் உப்போ மணலோ பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் தட்டு. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நமக்கு இங்கே வேண்டியது உலர்ந்த சூடு, நீராவியின் அழுத்தம் அல்ல. கழற்ற மறந்தால் ஆபத்து.

● இன்னொரு வழி, தெருமுனை பேக்கரி. மைதா, பொடித்த சர்க்கரை, நெய், ஏலக்காய் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்து, கூலி தந்து நான்கட்டாய் சுட்டு வாங்கிவருவது மும்பையின் பழைய வழக்கம். தீபாவளிக்கும் ஈதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதே அடுப்புதான். நம் நெய், நம் ஏலக்காய், அவர்களுடைய தணல். மேலே வெடித்த கீறலைப் பார்த்தே கைப்பக்குவத்தைச் சொல்லிவிடுவார்கள். நான்கட்டாயின் பிறப்பிலும் டச்சுக்காரர் வருகிறார். சூரத்தில் அவர்கள் விட்டுப்போன பேக்கரியைப் பார்சிகளான தோத்திவாலா குடும்பத்தார் எடுத்து நடத்தியதிலிருந்து தொடங்கியது என்பது சூரத்துக்காரர்கள் சொல்லும் கதை.

● அந்த பேக்கரிகளின் விறகு அடுப்புக்கு நாள் குறித்தார்கள். விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணம், நகரத்தின் காற்று மாசு. நுரையீரலுக்கு நல்லதுதான். நான்கட்டாயில் அந்த லேசான புகை வாசம் இருக்காதே என்று நாக்குக்கு மட்டும் வருத்தம்.

● மும்பையின் மண்ணின் மைந்தர்களான கத்தோலிக்கர்களுக்கு 'கிழக்கிந்தியர்' என்று பெயர். மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதென்ன பெயர்? விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டான 1887-இல் அவர்களாகவே சூட்டிக்கொண்டதுதான். வேலை தேடி வந்த மற்ற ஊர்க் கத்தோலிக்கர்களிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அது உதவியது. அவர்கள் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் குல்குல். மாவுத் துண்டை சீப்பின் பற்கள்மீது அழுத்திச் சுருட்டினால் சங்கு மாதிரி வரி விழும். சீப்பு புதிது, பயப்படாதீர்கள்!

● இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் சுடப்பட்டது மும்பையிலோ கொல்கத்தாவிலோ அல்ல, தலச்சேரியில் என்பார்கள். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காக மாம்பள்ளி பாபு செய்தார். பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழமும் கதலி வாழையும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சரக்கு!

● ரொட்டியைத் திறந்து வைத்தால் காய்ந்துபோகிறது. பிஸ்கட்டைத் திறந்து வைத்தால் நமுத்துப்போகிறது. ஏன்? ரொட்டிக்குள் ஈரம் அதிகம், அது காற்றுக்குப் போகிறது. பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு, அது காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. கடல் காற்று வீசும் மும்பையில் கேட்கவே வேண்டாம். ஆகவே கேக்கையும் குக்கீயையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கேக்கின் ஈரத்தை குக்கீ குடித்துவிடும், இரண்டும் கெடும்.

● டப்பா என்றதும் நினைவுக்கு வருகிறது. நகரத்தின் காலி எண்ணெய் டின்கள் தாராவிக்கு வந்து, கழுவி, ஒடுக்கெடுத்து, மறுபடி விற்பனைக்குப் போகின்றன. நெளிந்த டின்னைத் தட்டி நிமிர்த்துகிற அந்தச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்.

● மாதுங்கா டான் பாஸ்கோ மாதா கோயில் 1957-இல் கட்டப்பட்டது. கொஞ்சம் நடந்தால் கிங்ஸ் சர்க்கிள், அங்கே பூக்கடையும் ஃபில்டர் காபியும் மடிசார் மாமிகளும். பண்டிகைத் தட்டு இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே போய்வருகிறது. இங்கேதான் கவனம் வேண்டும்: அச்சு முறுக்கு மாவில் பல வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள், மக்ரூன் முட்டையிலேயே நிற்பது. நான்கட்டாயில் முட்டை கிடையாது. முந்திரிக்கொத்திலும் கிடையாது. கடைப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், வீட்டுப் பலகாரத்துக்கு ஏது புள்ளி? தட்டை நீட்டும்போதே, "மாமி, இதுல முட்டை இல்ல, தைரியமா எடுத்துக்கோங்க" என்று வாயால் சொல்லிவிடுங்கள். முட்டை சேர்த்த டப்பாவின் மூடியில் மறக்காமல் பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.