திரையில் தடங்கும் விமானம்

சினிமாப் படம் உண்மையில் அசைவதில்லை; அசைவதுபோலத் தோன்றுகிறது. விநாடிக்கு 24 நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழ, கண் அவற்றைத் தொடர்ச்சியாகக் கொள்கிறது. கணினி விளையாட்டின் இயல்பும் இதுவே. ஆனால் சினிமாவுக்குப் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டிலோ ஒவ்வொரு படமும் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு வரையப்படவேண்டும். ஒரு விநாடியில் இவ்வாறு வரையப்படும் படங்களின் எண்ணிக்கையையே விளையாடுவோர் ‘ஃபிரேம் ரேட்’ என்பர். விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 30 போதுமெனின் 33.3 மில்லி விநாடி. அதற்குள் வேலை முடியாதபோது காட்சி தடங்குகிறது.

கணினிக்குப் பெருஞ்சுமை தரும் விளையாட்டுகளுள் ஒன்று மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். 2020 ஆகஸ்ட் 18 இல் வெளியான இதனைப் பிரான்ஸின் போர்தோ நகரிலுள்ள அசோபோ நிறுவனம் ஆக்கியது. அடுத்த பதிப்பு 2024 நவம்பர் 19 இல் வந்தது. செய்மதிப் படங்களைக்கொண்டு உலகம் முழுவதும் இதில் அமைக்கப்பட்டிருப்பதால், திருகோணமலையும் அதனுள் அடங்கும். கப்பல்துறைக்கு அண்மையிலுள்ள சீனக்குடா ஓடுபாதையிலிருந்து எழும்பி, துறைமுகத்தையும் கொட்டியாறுக் குடாவையும் திரையில் வலம் வரலாம். சீனக்குடாவிலே விமானப்படையினர் பறக்கப் பழகுவதைக் கண்டு வளரும் மாணவன் ஒருவன் இவ்விளையாட்டில் மனம் வைப்பது வியப்பன்று. காட்சி தடங்கியதும், புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்கித் தரும்படி அவன் தகப்பனாரைக் கேட்பதும் இயல்பே. ஆனால் அதன் விலை சிறிதன்று. அவ்வளவு பணமும் செலவான பின்னர் தடங்கல் அப்படியே நிற்கவும் கூடும்.

இதன் காரணத்தைத் துறைமுகத்தில் நடக்கும் வேலையைக்கொண்டு விளக்கலாம். பாரந்தூக்கி கப்பலிலிருந்து பொதிகளை இறக்குகிறது. லொறிகள் அவற்றை ஏற்றிச் செல்கின்றன. லொறிகள் வரிசையாகக் காத்துநின்றால் குறை பாரந்தூக்கியிடத்தே உள்ளது. அங்கே மேலும் லொறிகளை அனுப்புவதாற் பயனில்லை. கணினியிலும் வேலை செய்வோர் இருவர். செயலி எனப்படும் ‘சிபியு’, விமானத்தின் இயக்கத்தையும் எங்கே எது இருக்கவேண்டும் என்பதையும் கணக்கிடுகிறது. கிராபிக்ஸ் கார்ட் அக்கணக்கின்படி புள்ளி புள்ளியாக வண்ணந்தீட்டுகிறது. இவ்விருவரில் எவர் பின்தங்கினாலும் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

பின்தங்குபவர் யார் என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் இவ்வளவைக் குறைத்துவிட்டு, அதே இடத்தில், அதே வானிலையில் மீண்டும் பறந்து பார்க்கவேண்டும். வேகம் நன்கு உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்டே களைத்திருந்தது எனத் தெளியலாம். முகில்களின் நுணுக்கத்தையும் ‘ரெண்டர் ஸ்கேலிங்’ அளவையும் குறைத்தால் அதன் பாரம் இறங்கும். வேகம் மாறாது நின்றால் குறை செயலியிடத்து எனலாம். அப்போது தொலைவிலுள்ள நிலத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்னும் அமைப்பையும், பிற விமானங்களின் நடமாட்டத்தையும் குறைத்தல் தகும். கொட்டியாறுக் குடாவின்மேல் சீராகச் செல்லும் காட்சி கொழும்பை அணுகியதும் தளர்வதும் பெரும்பாலும் செயலியின் சுமையையே காட்டும். நகரத்தின் கட்டடங்கள் அத்தனையையும் அதுவே ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கிறது.

முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளருமாயின், காரணம் வெப்பமாக இருத்தல் கூடும். பல மடிக்கணினிச் செயலிகள் 95 முதல் 100 பாகை செல்சியசை எட்டும்போது, தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில், மூடிய அறையில், தூசி அடைத்த விசிறியுடன் ஓடும் கணினிக்கு இந்நிலை விரைவில் வரும். விசிறியைத் துப்புரவாக்கி, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, காற்றுக்கு வழிவிட்டாலே போதும். இதற்குச் செலவு அதிகமில்லை.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளைகளில் தளர்ந்த காட்சிக்குக் கருவியைக் குறைகூறுவது முறையன்று. நினைவகமும் கவனிக்கத்தக்கது. 2020 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஆகக் குறைந்தது 8 ஜிபி, விரும்பத்தக்கது 16 ஜிபி என ஆக்கியோர் அறிவித்தனர். 8 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் வேறு செயல்களும் திறந்திருந்தால், காட்சி விட்டுவிட்டு நிற்கும். இணையம் மெதுவாயின் பெரும்பாலும் நிலம் மங்கலாகத் தெரியும். அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.

சில வேளைகளில் குறை விளையாட்டிலேயே இருப்பதும் உண்டு. 2021 ஜூலை 27 இல் ஐந்தாவது திருத்தப் பதிப்பு வெளிவந்தபோது, பழைய கணினிகள் பலவற்றிலும் வேகம் உயர்ந்தது. ஒரு ரூபாயும் செலவிடாமல் கிடைத்த பயன் இது.

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்று வள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன முறை இங்கும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் உள்ள எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளும் மாணவன், இரண்டொரு மாலைப்பொழுதில் உண்மையைக் கண்டுகொள்வான். அதன் பின்னரும் புதிய கருவி வேண்டுமென்றால், எது வேண்டும், ஏன் வேண்டும் என்பதை அத்தாளைக் காட்டியே தகப்பனாருக்கு எடுத்துச் சொல்லலாம்.