அரைக்கும் மெசினின் கீழே எதை வைப்பது?

தோட்டக் காணியை விட்டு வந்த குடும்பங்கள் சிலவற்றில் இன்று அடுப்பெரிவது ஒரு சிறு மெசினால்தான். மிளகாய், மல்லி, அரிசி மா அரைத்துக் கொடுத்துச் சீவிக்கிறார்கள். மில்லுக்கெனத் தனிக் கட்டடம் ஏது? வீட்டுத் தாழ்வாரமே தொழிற்சாலை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். மோட்டர் ஓடத் தொடங்கியதும் அலுமாரியிலிருந்த கோப்பைகள் கிலுங்கின. சீமெந்துக்கல் சுவரில் நாணயம் நுழையுமளவு வெடிப்பு. அயலவர் கிராம அலுவலரிடம் முறையிடப் போவதாகச் சொல்லிவிட்டார்களாம். மெசின் வாங்கிய கடனோ பாதிதான் கட்டியிருக்கிறது. மெசினின் கீழே பழைய மெத்தை ஸ்பொஞ்சை விரித்திருந்தார்கள். அது பாரத்தில் அப்பளம்போல் தட்டையாகிக் கிடந்தது.

எதையும் கீழே வைக்குமுன் அதிர்வு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். தளர்ந்த போல்ற், தேய்ந்த பெயாரிங், நேர்கோட்டில் நில்லாத கப்பிகள் ஆகியவற்றை முதலில் திருத்த வேண்டும். றப்பர் இவற்றுக்கு மருந்தல்ல.

பலரும் நினைப்பது, மெத்தென்ற எதை வைத்தாலும் நல்லது என்று. அது சரியல்ல. பாரம் ஏறியதும் றப்பர் எவ்வளவு அமிழ்கிறது என்பதே முக்கியம். மோட்டர்த் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பொறித்திருக்கும். ஏறத்தாழ 1440 சுற்று என்றால் றப்பர் 4 மில்லிமீற்றராவது அமிழ வேண்டும். 2800 என்றால் 1 மில்லிமீற்றர் போதும். மோட்டரும் மில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் குறைந்த வேகத்தையே கணக்கில் எடுங்கள். 1440 சுற்று மோட்டரின் கீழே அரை மில்லிமீற்றர் மட்டும் அமிழும் கடினமான துண்டை வைத்தால் ஆட்டம் குறையாது, கூடும்! ஊஞ்சலை அதன் போக்குக்கே தள்ளுவது போன்றது அது. மெசினை ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் அடிமட்டத்தால் உயரத்தை அளந்தால் கணக்கு வெளித்துவிடும்.

பழைய லொறி ரயர் எம்மிடம் இலகுவாகக் கிடைக்கும். கம்பியில்லாத பகுதியை உள்ளங்கையிலும் சிறிய துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்றாக அடுக்கி, நான்கு மூலைக்கும் வையுங்கள். 4 மில்லிமீற்றர் அமிழ்வதற்கு அடுக்கு 3 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெசினின் கீழே முழுத் தகடாக விரிப்பது வீண். றப்பர் நசுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும்; இடமில்லாவிட்டால் அது கல்லைப் போலவே நிற்கும். ரியூப் துண்டு மிக மெல்லியது, பயனில்லை. தும்பு மெத்தை ஈரத்தில் இற்றுவிடும். மண்ணெண்ணெய், டீசல், ஒயில் படும் இடத்தில் சாதாரண றப்பர் ஊதிக் கெடும். அங்கே ஒயில் தாங்கும் றப்பரைக் கேட்டு வாங்க வேண்டும்.

மோட்டருக்கு வேறாக, மில்லுக்கு வேறாக றப்பர் வைக்காதீர்கள். பெல்ற் இழுக்க இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கி, சட்டத்தின் கீழேதான் றப்பர் வர வேண்டும். சட்டத்தை நிலத்தோடு போல்ற் போட்டு இறுக்கினால் அதிர்வு அந்தப் போல்ற் வழியாகவே இறங்கிவிடும். துளையைப் பெரிதாக்கி, போல்ற்றைச் சுற்றி றப்பர்க் குழாயும் நட்டின் கீழே றப்பர் வாசரும் இட்டு, மெதுவாக முடுக்குங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் ஒன்று உண்டு. றப்பரில் நிற்கும் மெசினுக்கு நிலத்தோடு தொடர்பில்லை. மின் கசிந்தால் தொடுபவர் உடம்பு வழியாகவே பாயும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு ஏர்த் வயரைக் கட்டாயம் இணையுங்கள். ஆட்டத்தில் அறாதபடி அது சற்றுத் தொய்வாகவும் இருக்கட்டும்.

அந்த வீட்டில் ஸ்பொஞ்சை எடுத்துவிட்டு ரயர்த் துண்டு வைக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. வெடிப்பைச் சீமெந்து பூசி மூட அவசரப்பட வேண்டாமென்று சொன்னோம். அதன் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வைத்தால், வெடிப்பு வளர்கிறதா நின்றுவிட்டதா என்று சில மாதங்களில் தெரிந்துவிடும்.