முட்டைக்கோசும் மூக்கேறும் காரமும்



உக்கடம் என்ற பெயரைக் கேட்டதும் கோவை மக்களின் மனத்தில் முதலில் எழுவது பெரியகுளம். அடுத்தது பாலக்காட்டிற்கும் பொள்ளாச்சிக்கும் பேருந்துகள் புறப்படும் நிலையம். அதற்கும் அடுத்தது மீன் அங்காடி. பொழுது சாய்ந்தபின் அப்பகுதியில் நடந்து செல்வோருக்கு வறுத்த மீனின் மணமும் சுட்ட கோழியின் மணமும் வழிகாட்டும். அண்மை ஆண்டுகளில் இத்தகைய கடைகளில் வறுவலுடன் ஒரு சிறு கிண்ணத்தில் வேறொன்றையும் வைக்கிறார்கள். மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசு, கொஞ்சம் காரட், இரண்டையும் பிணைத்து நிற்கும் வெண்மையான குழம்பு. மேனாட்டார் இதனைக் 'கோல்ஸ்லா' என்பர். டச்சு மொழியில் 'கூல்' என்றால் கோசு; 'ஸ்லா' என்றால் பச்சைக் காய்க் கலவை. இரண்டும் சேர்ந்து பிறந்த பெயர் இது. நம் வீடுகளில் திருவிழா நாட்களில் செய்யும் கோசுமல்லிக்கு இதனைத் தூரத்து உறவு என்று கொள்ளலாம்.

கடைகளில் கிடைக்கும் கோல்ஸ்லாவைப் பற்றி என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது இனிப்பும் வழுவழுப்புமாக இருக்கிறது, உயிர் இல்லை. ஐரோப்பாவில் சில பகுதிகளிலே இதற்கு உயிரூட்ட ஒரு வேரைத் துருவிச் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹார்ஸ்ராடிஷ்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குதிரை முள்ளங்கி. அதைச் சேர்த்த கோசு ஒரு வாய் உண்டால் நாக்கு எரிவதில்லை. காரம் நேரே மூக்கில் ஏறும், கண்ணில் நீர் துளிர்க்கும், அடுத்த கணமே மறைந்துவிடும். இந்த மூக்கேறும் காரத்தைக் கொங்கு நாட்டுச் சமையலறையில் பெறுவது எங்ஙனம் என்பதே இன்று நான் கூற வந்தது.

காரம் என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருள்களைச் சுட்டுகிறோம். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது. ஆவியாகப் பறந்து போகாதது. ஆகவே அது நாக்கிலேயே தங்கி நெடுநேரம் எரிக்கிறது. குதிரை முள்ளங்கியின் காரம் எளிதில் ஆவியாவது. ஆகவே தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகிறது. இவ்விரண்டையும் நம் உடல் வெவ்வேறு வாயில்களின் வழியே உணர்கின்றது. மிளகாய்க் காரத்தை உணரும் வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞர் 2021-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். ஆதலின் கோசில் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு, 'காரம் வந்துவிட்டது, இனி என்ன?' என்று இருப்பது பொருந்தாது. வந்தது வேறு காரம்.

இனி அந்த வேரைக் கவனிப்போம். முழு வேரை முகர்ந்து பாருங்கள். ஒரு மணமும் இராது. துருவியவுடன் அருகில் நிற்க முடியாது. காரணம் இதுதான். அதன் திசுவிலே சினிகிரின் என்னும் பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்னும் நொதி மற்றோரிடத்திலும், ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் குடியிருப்போரைப்போல் விலகி இருக்கின்றன. துருவும்போது இடைச்சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன. ஈரத்தின் துணையோடு நொதி சினிகிரினைச் சிதைக்க, அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் காரப்பொருள் பிறக்கிறது. புழுவும் பூச்சியும் கடிக்கும்போது அவற்றை விரட்டுவதற்காகச் செடி அமைத்துக்கொண்ட படைக்கலம் இது. வெப்பம் பட்டால் நொதி செயலிழந்துவிடும். காடி சேர்த்தாலும் அதன் வேகம் அடங்கும். துருவிச் சில நிமிடம் பொறுத்துக் காடி சேர்ப்பவருக்குக் கடுங்காரம் கிட்டும். உடனே சேர்ப்பவருக்கு மெல்லிய காரமே கிட்டும்.

குதிரை முள்ளங்கி குளிர்நாட்டுப் பயிர். கோவைச் சமவெளிக்கு அது ஒத்துவராது. வெள்ளையர் இங்கு வந்தபோது தங்கள் நாட்டுக் காய்கறிகளை எல்லாம் நீலமலையில் பயிரிட்டுப் பார்த்தனர். 1819-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அம்மலைமீது ஏறினார். ஐரோப்பியக் காய்கறிகள் அங்கு வேரூன்ற அவரே பெரிதும் காரணமானவர். 1840-களில் உதகையில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா செலுத்தி, மலிவாகக் காய்கறி பெறுவதற்கென ஒரு தோட்டம் அமைத்தனர். 1848-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மக்கைவரின் கைவண்ணத்தில் அதுவே இன்று நாம் காணும் தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. பூக்களைக் காண நாம் செல்லும் இடம் கோசுக்காகவும் காரட்டுக்காகவும் தோன்றியது என்பது வேடிக்கையல்லவா? மலையில் விளைந்த கோசு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி, அங்கிருந்து கோவை அங்காடிகளுக்கு வந்து சேர்வது இன்றும் நடைபெறும் வழக்கம். 'கோசு' என்னும் சொல்லோ மலையிலிருந்து இறங்கியதன்று; போர்த்துக்கீசியரின் 'கோவே' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

நிற்க. கோசு கிடைத்தது, குதிரை முள்ளங்கி கிடைக்கவில்லை. அப்பொழுது வெள்ளையர் என்ன செய்தனர் தெரியுமா? நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையின் இளவேரைத் துருவினர். சுவையும் மணமும் அவர்கள் தேடியதைப் போன்றே இருந்தன. ஆகவே முருங்கைக்கு 'ஹார்ஸ்ராடிஷ் மரம்' என்றே பெயர் சூட்டிவிட்டனர். ஆங்கில நூல்களில் இன்றும் அப்பெயர் உண்டு. இஃது எதேச்சையாக அமைந்த ஒற்றுமையன்று. தாவரவியலார் முருங்கை, கோசு, கடுகு, முள்ளங்கி ஆகிய அனைத்தையும் ஒரே வரிசையில் வைக்கின்றனர். பப்பாளியும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. ஐயமிருப்பின் ஒரு பப்பாளி விதையை மென்று பாருங்கள்.

இதனைக் கேட்டவுடன் மண்வெட்டியுடன் முருங்கை மரத்தடிக்குச் செல்லவேண்டாம். மூலனூர் முருங்கைக்குப் பேர்போன நம் கொங்கு நாட்டில் வேருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அவ்வேரின் பட்டையில் உடலுக்குத் தீங்கு பயக்கும் ஆல்கலாய்டுகள் உள்ளன. கருவைக் கலைக்க நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட வேர் அது என்பதை நினைவில் வைத்தால் போதும். கருவுற்ற பெண்கள் அதனைத் தொடவே கூடாது. ஏனையோரும் உணவாகக் கொள்ளாதிருத்தலே நன்று. காயும் கீரையும் பூவும் நமக்குப் போதும். 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்று பழைய சமையல் நூலில் உள்ள வெள்ளைக்காரர் முறையை எடுத்துச் சொல்வோர் இக்காலத்தில் மிகுந்துள்ளதால் இதனைச் சற்று அழுத்திக் கூறுகின்றேன்.

அப்படியாயின் வழி? வழி நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. அது கடுகு.

நாம் வாங்கும் கருங்கடுகிலும் செங்கடுகிலும் இருப்பது அதே சினிகிரின், அதே நொதி, அவற்றிலிருந்து பிறப்பதும் அதே அல்லைல் ஐசோதயோசயனேட். ஜப்பானியர் உண்ணும் வசாபியின் காரமும் அதுவே. கடைகளில் வசாபி என்று விற்கப்படும் பச்சைப் பசையில் பெரும்பாலும் இருப்பது நிறமேற்றிய குதிரை முள்ளங்கிதான் என்பது வேறு கதை. ஆனால் கடுகை நாம் பயன்படுத்தும் முறையைச் சிந்தித்துப் பாருங்கள். காய்ந்த எண்ணெயில் போட்டு வெடிக்க விடுகிறோம். அந்த வெப்பத்தில் நொதி மடிகிறது. காரம் பிறக்க வழியே இல்லை. தாளித்த கடுகில் நாம் பெறுவது வறுத்த மணம் மட்டுமே. தாளிப்பை நான் குறைகூறவில்லை. அது வேறு சுவை, அதற்குரிய இடம் வேறு. மாவடு ஊறுகாய் போடும் பெண்மணிகளுக்கு மற்ற முறை நன்கு தெரியும்: கடுகைப் பச்சையாகவே அரைத்துச் சேர்ப்பார்கள். ஊறுகாய் கெடாமல் நிற்பதற்கு உப்புடன் அந்தக் காரமும் துணைசெய்கிறது. உக்கடத்தில் பேருந்து ஏறினால் எட்டிவிடும் பாலக்காட்டிலும் தேங்காயுடன் பச்சைக் கடுகை அரைத்துத் தயிரில் கலந்து பச்சடி செய்கிறார்கள். அந்தப் பச்சடிக்கும் நாம் செய்யப்போகும் கோசுக்கும் இடைவெளி அதிகமில்லை.

செய்முறையைக் கூறுகிறேன். அரைக் கிலோ எடையுள்ள, கையில் கனமாக நிற்கும் இறுகிய கோசு ஒன்று. மேலிலைகள் இரண்டு மூன்றை நீக்கிவிடுங்கள். எஞ்சியதை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். இதில் சோம்பல் கூடாது. மாசுபட்ட நீராலும் மண்ணாலும் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் பச்சைக் காய்களில் ஒட்டிவரக்கூடும். அவை உடலுள் சென்று மூளையில் கட்டிகளை உண்டாக்கி வலிப்பு நோய் தரக்கூடும். உப்பு நீரில் நனைத்தெடுத்தால் அவை மடிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் கொடுப்பதாயின், அரிந்த கோசைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்து, காய்ச்சி ஆறவைத்த நீரில் குளிர்வித்துக்கொள்ளுங்கள். கோசுக்கு இயல்பாயுள்ள சிறு காரம் அதனால் போய்விடும். கடுகு அக்குறையை நீக்கிவிடும். தைராய்டுக் குறைபாடு உள்ளவர்களும் பச்சைக் கோசை மிகுதியாக உண்ணாமல் இவ்வாறு கொள்வதே ஏற்றது.

கோசை நூல்போல் அரிந்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கையால் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். நீர் ஊறி நிற்கும். அதனைப் பிழிந்து கொட்டிவிடவேண்டும். இதைச் செய்யாதவர்களின் கிண்ணத்தில்தான் சிறிது நேரத்தில் குளம் தேங்குகிறது. ஒரு காரட்டைத் துருவி, ஐந்தாறு சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது கடுகு. ஒன்றரைத் தேக்கரண்டி கடுகை உலர்ந்தபடியே அம்மியில் பொடித்து, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் தெளித்து வழித்தெடுங்கள். வெந்நீர் கூடாது. மின் அரைப்பானில் நெடுநேரம் ஓடவிட்டால் சூடேறிக் காரம் குறையும், கசப்பும் தட்டும். விட்டு விட்டுச் சுற்றினால் போதும். அரைத்த விழுதை மூடி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். நொதி தன் வேலையை முடிக்கும் நேரம் அது. மூடியைத் திறந்து முகர்ந்தால் உங்களுக்கே விளங்கும். காரம் போதும் என்று தோன்றும் வேளையில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். காரம் அந்த அளவிலே நின்றுகொள்ளும். முதலிலேயே சாற்றை விட்டுவிட்டுக் 'கடுகில் காரமே இல்லை' என்று கடைக்காரரை நோவது முறையன்று.

பிணைப்பதற்கு மேனாட்டார் பச்சை முட்டையால் செய்த மயோனைசைப் பயன்படுத்துவர். நம் வெயிலுக்கு அது உகந்ததன்று. சால்மொனெல்லா முதலிய கிருமிகள் அதில் எளிதில் பெருகும். தமிழக அரசு 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் தொடங்கி ஓராண்டுக் காலத்திற்குப் பச்சை முட்டை மயோனைசின் உற்பத்தி, சேமிப்பு, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்தது இதனால்தான். அதற்கு மாற்றாக ஒரு பெரிய குவளைக் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். நீர் வடிந்த தயிருடன் ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெயும் ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் கடைந்தால் மயோனைசுக்கு இணையான வழுவழுப்பு வரும். புளிப்பு அதனினும் மேல். எண்ணெய் அவசியமா என்று கேட்கலாம். கடுகின் காரத்தை அது சற்றுத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்ல வெளிவிடும். கடுகு விழுதைத் தயிரில் கலந்து, உண்பதற்குக் கால் மணி நேரத்திற்கு முன் கோசில் சேர்த்துப் பிசறி, கொத்தமல்லித் தழை தூவிவிடுங்கள்.

வறுத்த மீனுக்கு இதைப் போன்ற துணை வேறில்லை. எண்ணெயும் மசாலாவும் நாவில் தடித்துப் படியும்போது, இக்காரம் மூக்கில் ஏறி அதனைத் துடைத்துவிடுகிறது. சைவ உணவினருக்குக் கம்பஞ்சோற்றுடனும் அரிசியும் பருப்பும் சோற்றுடனும் பொருந்தும். சப்பாத்தியில் சுருட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாயின் கடுகைப் பாதியாகக் குறையுங்கள். வெயில் நாட்களில் மதியம் வரை அதனை வெளியே வைக்கக்கூடாது என்பதால், அப்போது இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது மேல். குளிர்பெட்டியில் மறுநாள் வரை கோசு கெடாது. ஆனால் காரம் பறந்து போயிருக்கும். அரைத் தேக்கரண்டி கடுகைப் புதிதாகப் பொடித்து, நீர் தெளித்து, அதே பத்து நிமிடம் பொறுத்துச் சேர்த்தால் அது மீண்டும் மூக்கில் ஏறும்.