திருகாணி இல்லாத பொம்மை

நவராத்திரி நெருங்கினால் பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கும். கிருஷ்ணனின் நீலம் உதிர்ந்திருக்கும். செட்டியார் பொம்மையின் மூக்கு வெளுத்திருக்கும். ஒரு கிண்ணம் வர்ணம், ஒரு தூரிகை, அரை நாள் பொறுமை போதும். பழைய பொம்மை புதுப் பொம்மையாகிப் படியேறிவிடும். பண்ருட்டி மண் பொம்மைக்கு உள்ளே ரகசியம் ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பூசினால் வேலை முடிந்தது.

பிள்ளைகளுக்குப் பிடித்த 'ரோபோ' பொம்மை அப்படிப்பட்டதல்ல. லாரியாக நிற்கும், நாலு முறை மடக்கித் திருப்பினால் மனிதனாக எழுந்து நிற்கும்! புதனும் ஞாயிறும் கூடுவதற்குப் பெயர்பெற்ற புனே மங்கள்வார் பேட்டை ஜூனா பஜார் போன்ற பழம்பொருள் சந்தைகளில் இப்படி ஒன்று கையில் சிக்கினால், வாங்கி வந்து புதுவர்ணம் பூச ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் மூட்டுகளைக் கழற்றாமல் பூசினால் வர்ணம் சந்துகளில் தேங்கிக் காயும். முதல்முறை மடக்கும்போதே சுரண்டிக்கொண்டு வரும். சரி, கழற்றலாம் என்று திருப்புளியை எடுத்தால், திருகாணியையே காணோம்!

சென்னைக்கும் பங்கு உண்டு

இந்த உருமாறும் பொம்மைகளின் பூர்வீகம் ஜப்பான். அங்கே டகாரா கம்பெனி செய்துவந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்துத்தான் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1987-ல் ஃபன்ஸ்கூல் பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியது. ஃபன்ஸ்கூல் செய்த 'ஜி.ஐ. ஜோ' சிப்பாய்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குவதுண்டு.

1982-ல் அமெரிக்காவில் வந்த அந்தச் சிறிய சிப்பாய் வகையின் முதுகில் ஒரே ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் மார்பு இரண்டாகப் பிரியும். இடுப்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் வெளியே வரும். வளையம் இற்றுப்போனால் புதிது மாட்டலாம். ஒரு திருகாணி இருந்ததால் அந்தப் பொம்மைகள் நாற்பது ஆண்டு கடந்தும் எழுந்து நிற்கின்றன. ஒட்டி மூடிய பொம்மைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஒட்டு எத்தனை வகை?

இத்தகைய பொம்மைகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஹெல்மெட்டுகள் பலவற்றின் மேலோடும் இதுவே. இரு பாதிகளைச் சேர்க்க வழிகள் பல. முளையைக் குழியில் அழுத்திப் பொருத்துவது ஒன்று. பசையால் ஒட்டுவது மற்றொன்று. மூன்றாவது வழியில், திரவம் ஒன்று பிளாஸ்டிக்கின் ஓரத்தையே கரைத்து இரு பாதிகளையும் ஒன்றாக்கிவிடும். இரும்புக்கு வெல்டிங் எப்படியோ, அப்படி! முதல் இரண்டு வகையைப் பொறுமையால் பிரிக்கலாம். மூன்றாவதற்கு இணைப்புக் கோட்டின் மேலேயே நுண்ணிய ரம்பத்தால் அறுப்பது தவிர வழியில்லை.

ஆகையால் முதல் வேலை பார்வை. ஒட்டுப்படத்தின் அடியில் திருகாணி ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். மூட்டில் இரும்பு ஊசி இருந்தால் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் சொரசொரப்பான வரிகள் இருக்கும். வழவழப்பான முனையிலிருந்து தட்டினால் ஊசி வெளியே வரும். மாற்றித் தட்டினால் துளை கிழியும்.

அடுத்தது வெந்நீர். கொதிநீர் வேண்டாம், ஏ.பி.எஸ். நூறு டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், உருவம் கோணும். கை பொறுக்காத சூடு போதும். சில நிமிடம் கழித்து மெல்லிய தகட்டை இணைப்பில் நுழைத்து, உடலுக்கு எதிர்ப்புறமாக, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு காட்டினால் உடனே நிறுத்துங்கள். அடுத்து வருவது விரிசல்தான். பசை இளகட்டும் என்று அசிட்டோனையோ தின்னரையோ ஊற்றுவது மகா தவறு. பசைக்கு முன்னால் பொம்மை கரைந்துவிடும்!

கழற்றிய பாகங்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு சோப்புநீரில் கழுவி, நயமான வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் பூசி, மெல்லிய பூச்சாகப் பலமுறை வர்ணம் பூச வேண்டும். உராயும் மூட்டுக்கு வர்ணம் வேண்டாம், அது தங்காது.

எந்தப் பெயின்ட்?

இங்கேதான் பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிலாளர்கள் நின்று யோசிக்க வேண்டும். பட்டறையில் மிஞ்சிய வாகனப் பெயின்ட் பளபளக்கும், காசும் மிச்சம். ஆனால் ஈயத்தைப் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குள் நிறுத்தும் 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதி, வீட்டு, அலங்காரப் பெயின்டுக்கு மட்டுமே. தொழிற்சாலைப் பெயின்ட் அதில் வராது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மேலே வேறு வர்ணம் ஏறிய பிறகு அந்த முத்திரை எதற்கு உத்தரவாதம்? புதுவர்ணப் பொம்மை அலமாரியில் நிற்கட்டும். வாயில் வைக்கும் குழந்தையின் கைக்கு வேண்டாம்.

அரிய பொம்மையை அறுக்கவும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்த வர்ணத்துக்குத்தான் சேகரிப்பாளர் விலை கொடுப்பார். கை முறிந்த, சாதாரணமான ஒன்றே பழகுவதற்கு ஏற்றது.

புனே காட்டிய வழி

புனே டெல்கோ தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, 1978-ல் விடுப்பு எடுத்து மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்கு அறிவியல் சொல்லித்தரப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் கோத்து அவர் காட்டிய உருவங்களைப் பிள்ளைகள் நொடியில் பிரித்து நொடியில் சேர்க்கலாம். பின்னர் புனே அயூக்கா வளாகத்தின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல ஆண்டு பணியாற்றினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

பிரிக்க முடிந்ததைப் பழுது பார்க்கலாம்; ஒட்டி மூடியதைக் குப்பையில் போடத்தான் தோன்றும். அடுத்த முறை பொம்மைக் கடையில் விலையைக் கேட்பதற்கு முன், அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு திருகாணி தெரிந்தால், நாலு காசு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.